பொருள்கோளும் ஆங்கிலத் தாளும்

மயிலாடியில் இருக்கும் அன்பு மருமகளுக்குத் தாய்மாமன் எழுதும் மடல்.

முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளில் ஆங்கிலப் பகுதி என்று பொதுவாகச் சொல்லப்படுவது எல்லாத் தேர்விலும் ஒன்றாக இருப்பதில்லை. இந்திய மேலாண்மைக் கழகங்கள் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தை ஒட்டி நடத்தும் கேட் தேர்வில் அது சொல்திறனும் வாசித்துணர்தலும் என்ற தனிப் பகுதியாக நிற்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வின் எம்.பி.ஏ. தாளில் பத்தி படித்து விடை காண்பதோடு, பிழையான வாக்கியத்தைக் கண்டறிவதும் உடன் வருகிறது. பொறியியல் பட்டதாரிகளுக்கான திறனறி தேர்வில் நூறு மதிப்பெண்ணில் பதினைந்து பொதுத்திறனுக்கு ஒதுக்கப்பட்டு, அதற்குள் ஒரு கூறாக மட்டுமே மொழித்திறன் அடங்கிவிடுகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஜி.ஆர்.ஈ. தேர்விலோ சொல்வளத்துக்கே பெரிய இடம் உண்டு. ஆகவே எந்தத் தேர்வு என்று முடிவு செய்யுமுன் ஆங்கிலத்துக்குப் படிக்கத் தொடங்குவது, எந்த ஊருக்கு என்று அறியாமல் பேருந்தில் ஏறி அமர்வதைப் போன்றது. மருமகள் கேட் தேர்வை முதன்மையாகவும் டான்செட் தேர்வை அடுத்ததாகவும் எழுத எண்ணியிருப்பதாகத் தெரிவதால், இம்மடல் அவ்விரண்டையும் பற்றியே பேசுகிறது. மற்றவை வேண்டிய இடத்தில் மட்டும் வரும்.

கேட் தேர்வு மொத்தம் இரண்டு மணி நேரம் நடப்பது. அது மூன்று பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம் என்று கட்டாயமாக வகுக்கப்பட்டுள்ளது. ஒரு பகுதியில் மிஞ்சிய நேரத்தை மற்றொன்றுக்கு எடுத்துச் செல்ல இயலாது. ஆங்கிலப் பகுதியே முதலில் வருகிறது. 2024ஆம் ஆண்டுத் தேர்வில் மொத்தமிருந்த 68 வினாக்களில் 24 இப்பகுதிக்கு உரியவை. அவற்றுள் 16 வினாக்கள் நான்கு நீண்ட பத்திகளைச் சார்ந்தும், எஞ்சிய 8 கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்துதல், பத்தியின் சுருக்கத்தைத் தேர்தல், விடுபட்ட வாக்கியத்துக்கு இடம் காணுதல் போன்றவையாகவும் அமைந்தன. சரியான விடைக்கு மூன்று மதிப்பெண். தவறானால் ஒன்று குறையும். நான்கு விடைகள் தரப்படாமல் விடையை நேரே தட்டச்சு செய்ய வேண்டிய வினாக்களில் மட்டும் குறைப்பு இல்லை. மேலாண்மைக் கழகங்கள் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை என்பதையும், ஒவ்வொரு பகுதியிலும் குறைந்த அளவுச் சதமானம் கேட்கின்றன என்பதையும் மருமகள் மனத்தில் கொள்ளட்டும். சதமானம் என்பது நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்பதன்று. தேர்வெழுதிய நூறு பேரில் எத்தனை பேர் ஒருவருக்குக் கீழே நிற்கிறார்கள் என்பதாகும். கணக்கில் எவ்வளவு முன்னே சென்றாலும் ஆங்கிலப் பகுதியைக் கைவிட்டவருக்குக் கதவு திறவாது என்பதற்கு இதுவே காரணம்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இந்தப் பகுதியைக் கண்டு அஞ்சுவது, அது ஆங்கிலத்தைச் சோதிக்கிறது என்ற எண்ணத்தால் எழுகிறது. உண்மையில் கேட் தேர்வின் இப்பகுதி ஆங்கிலச் சொற்களை எத்தனை அறிவார் என்று கேட்பதைப் பெரிதும் விட்டுவிட்டது. ஒருவர் ஒரு கருத்தை எங்கே தொடங்கி, எதனை ஆதாரமாகக் காட்டி, யாரை மறுத்து, எங்கே கொண்டு நிறுத்துகிறார் என்பதை அறிமுகமற்ற பொருளிலும் பின்தொடர முடிகிறதா என்பதையே அது கேட்கிறது. இந்தத் திறனுக்குத் தமிழில் பழைய பெயர் உண்டு. செய்யுளில் சொற்கள் நிற்கும் வரிசை ஒன்றாகவும் பொருள் கொள்ள வேண்டிய வரிசை வேறாகவும் இருக்கும்போது, அவற்றை இணைத்துப் பொருள் காணும் முறையைப் பொருள்கோள் என்று இலக்கணம் அழைக்கிறது. நன்னூல் அதனை எட்டாக வகுக்கிறது. ஆற்றின் ஓட்டம்போல் நேரே செல்வது ஆற்றுநீர்ப் பொருள்கோள். பல அடிகளில் சிதறிக் கிடக்கும் சொற்களை வேண்டியவாறு எடுத்துக் கூட்டிக்கொள்வது கொண்டுகூட்டு. தொடக்கத்திலும் முடிவிலும் நிற்கும் சொற்கள் வில்லின் இரு முனைகளைப்போல ஒன்றையொன்று பற்றி நிற்பது பூட்டுவில். பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பின் மறக்கப்படும் இப்பகுதி, ஆங்கிலக் கட்டுரையின் முதல் வாக்கியத்தில் எழுப்பப்பட்ட வினாவுக்குக் கடைசி வாக்கியத்தில் விடை கிடக்கும்போது நினைவுக்கு வந்தால் எவ்வளவு உதவும் என்பதை எந்தப் பயிற்சிப் புத்தகமும் சொல்வதில்லை. மொழி புதியது, வேலை புதியதன்று.

இதனை மயிலாடியின் வரலாற்றைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்தும் வினாவின் அமைப்பில் நான்கு தமிழ் வாக்கியங்கள் கீழே தரப்படுகின்றன.

அ. அப்பள்ளியின் தொடர்ச்சியே பின்னாளில் நாகர்கோவிலில் கல்லூரியாக வளர்ந்தது.

ஆ. புருசியாவின் சிலேசியப் பகுதியில் பிறந்த ரிங்கல்தௌபே, இலண்டன் மிஷனரிச் சங்கத்தின் பணியாளராக 1804ஆம் ஆண்டின் இறுதியில் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றார்.

இ. ஆயினும் 1809இல் அவ்வூரில் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளி ஒன்றை அவர் தொடங்கினார்.

ஈ. அங்கிருந்து தெற்கே வந்து, மகராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று மயிலாடியைப் பணிக்களமாகக் கொண்ட அவருக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று.

இவற்றைப் படிக்கும் எவரும் கடினமான சொல் எதனையும் காணமாட்டார். எனினும் வரிசை உடனே தெரிவதில்லை. வரிசையைக் காட்டுபவை சிறு சொற்களே. "அப்பள்ளி" என்று சுட்டித் தொடங்கும் வாக்கியம் பள்ளியை அறிமுகம் செய்த வாக்கியத்துக்கு முன் வர இயலாது. ஆகவே இகரத்துக்குப் பின்னரே அகரம். "அங்கிருந்து" என்பதற்கு முன் ஓர் ஊர் பேசப்பட்டிருக்க வேண்டும். ஆகவே ஆகாரத்துக்குப் பின் ஈகாரம். "ஆயினும்" என்பது தனக்கு முன் ஒரு தடை கூறப்பட்டிருப்பதைக் கோருகிறது. ஆங்கிலம் தாய்மொழி அன்று என்பதே அத்தடை. "அவ்வூர்" என்பதும் மயிலாடியையே பற்றி நிற்கிறது. முழுப்பெயர் வரும் வாக்கியம் முதலிலும், "அவர்" என்று மட்டும் வருபவை பின்னும் அமைவதே இயல்பு. எனவே ஆ, ஈ, இ, அ என்று விடை முடிகிறது. ஆங்கிலத்தில் இதே வினா வரும்போது "திஸ்", "சச்", "ஹவெவர்", "தேர்ஃபோர்", "இட்" ஆகிய சொற்கள் இதே வேலையைச் செய்கின்றன. வேறு மர்மம் ஒன்றும் அங்கு இல்லை. சுட்டும் பெயரும் மறுப்பிடைச்சொல்லும் எதனைப் பற்றி நிற்கின்றன என்று கேட்டுக்கொண்டே படிப்பதை மருமகள் தமிழ் நாளிதழ் படிக்கும்போதே பழகத் தொடங்கட்டும்.

எடுத்துக்காட்டுக்கென இப்பொருளைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. நாகர்கோவிலின் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கத்தை 1809ஆம் ஆண்டின் மயிலாடிப் பள்ளியில்தான் காண்கிறது. 1818இல் வந்த மிஷனரியான சார்லஸ் மீட் பணியின் தலைமையிடத்தை மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றினார். 1893இல் அப்பள்ளி கல்லூரி நிலையை அடைந்தது. தென்திருவிதாங்கூரில் ஆங்கிலக் கல்வி வேர்கொண்ட ஊர்களுள் ஒன்றின் தெருவில் வளர்ந்த பெண், ஆங்கிலம் பிறர் வீட்டுச் சொத்து என்று எண்ணி ஒதுங்கி நிற்பதற்கு நியாயமே இல்லை. அந்தப் பள்ளியைத் தொடங்கியவரும் அம்மொழியைக் கற்றே அறிந்தவர்.

வாக்கியப் பிழை காணும் வினாக்கள் கேட் தேர்வில் இப்போது இல்லையென்றே சொல்லலாம். டான்செட் தாளில் அவற்றுக்கு இடம் உண்டு. இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பது இதற்கு வீண் உழைப்பு. தமிழில் சிந்திப்பவருக்கு எந்த இடத்தில் கால் இடறும் என்பதை அறிந்து, அவ்விடங்களை மட்டும் அழுத்திப் படிப்பதே போதுமானது. "மாம்பழங்களின் தரம் குறைந்துவிட்டது" என்ற தமிழ் வாக்கியத்தில் தரம் என்ற எழுவாய் பயனிலையை ஒட்டியே நிற்கிறது. பழங்கள் முன்னே சென்றுவிடுகின்றன. ஆங்கிலத்தில் "தி க்வாலிட்டி ஆஃப் தி மாங்கோஸ்" என்று எழுவாய் முன்னும் பழங்கள் பின்னுமாக வருவதால், பயனிலைக்கு அருகில் நிற்கும் பன்மைச் சொல் கண்ணை ஏமாற்றி "ஹாஸ்" வரவேண்டிய இடத்தில் "ஹாவ்" என்று எழுதச் செய்துவிடுகிறது. தேர்வு அமைப்பவர்கள் எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே நீண்ட தொடர்களைச் செருகுவது இந்த ஏமாற்றத்துக்காகவே. வாக்கியத்தில் முதலில் பயனிலையைக் கண்டு, பின்பு அதைச் செய்தவர் யார் என்று பின்னோக்கிக் கேட்கும் பழக்கம் இதற்கு மருந்து.

இதைப்போலவே "பற்றி விவாதித்தார்" என்ற தமிழ் வழக்கு மனத்தில் இருப்பதால் "டிஸ்கஸ்" என்ற வினையோடு "அபௌட்" தானாக ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அவ்வினை நேரடியாகச் செயப்படுபொருளைக் கொள்ளும். "மழை பெய்தாலும், ஆனால் போனார்" என்று தமிழில் எவரும் எழுதுவதில்லை. எனினும் "ஆல்தோ" என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் "பட்" சேர்ப்பது பட்டம் பெற்றவர்களிடமும் காணப்படும் பிழை. நேற்று, சென்ற ஆண்டு என்று முடிந்த காலம் குறிக்கப்பட்டால் "ஹாவ் சீன்" போன்ற முற்றுநிலை நிகழ்கால வடிவம் வரலாகாது. வினா வாக்கியம் மற்றொரு வாக்கியத்துக்குள் அடங்கும்போது அதன் வரிசை மாறி "வாட் ஹிஸ் நேம் இஸ்" என்றே நிற்கும். "தி" என்ற சொல்லை "அந்த" என்று மொழிபெயர்த்துக் கற்றவர்களுக்கு அது என்றும் புரிவதில்லை; பேசுபவருக்கும் கேட்பவருக்கும் எதைப்பற்றிய பேச்சு என்று இருவருக்குமே முன்பே தெரிந்திருக்கும்போது அச்சொல் வருகிறது என்று கொண்டால் பெரும்பாலான இடங்கள் தெளிவாகும். தமிழில் இதற்கென ஒரு சொல் இல்லாமையால் இது மட்டும் காதுப் பழக்கத்தால்தான் வரும்; நாள்தோறும் சில பக்கங்களை வாய்விட்டுப் படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

நீண்ட வாக்கியங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் அடைமொழிகள் முன்னே குவிந்து, பெயரும் வினையும் இறுதியில் வந்து அவற்றைத் தாங்கிக்கொள்கின்றன. "நாகர்கோவிலில் படித்துச் சென்னையில் வேலை பார்க்கும் பெண்" என்னும்போது பெண் கடைசியில்தான் வருகிறாள். ஆங்கிலத்தில் பெண் முதலில் வந்துவிடுவாள். அவளைப் பற்றிய செய்திகள் "ஹூ", "விச்" என்று பின்னால் தொடர்ந்து வரும். எனவே தமிழ் வாசகர் இயல்பாக வாக்கியத்தின் முடிவில் முக்கியச் செய்தியை எதிர்பார்த்துக் காத்திருக்க, ஆங்கில எழுத்தாளர் அதைத் தொடக்கத்திலேயே வைத்துவிட்டு விவரங்களுக்குப் போய்விடுகிறார். வாக்கியம் முடியும்போது வாசகர் கையில் விவரம் மட்டுமே மிஞ்சுகிறது. ஒரு பத்தியைப் படித்து முடித்தபின் ஒன்றும் நினைவில் இல்லை என்று வருந்துபவர்களில் பலருக்கு நினைவாற்றலில் குறையில்லை. முதன்மை வாக்கியத்தையும் அதன் தொங்கல்களையும் பிரிக்காமல் படித்ததே குறை.

பயிற்சியின் மையமாக மருமகள் ஒன்றே ஒன்றைக் கொண்டால் போதும். நாள்தோறும் ஓர் ஆங்கிலக் கட்டுரையை முழுவதும் படித்து, அதனை மூடி வைத்துவிட்டு, அதன் சாரத்தைத் தமிழில் நான்கைந்து வாக்கியங்களில் எழுதட்டும்: ஆசிரியர் நிறுவ விரும்புவது யாது, அதற்கு அவர் காட்டும் காரணம் யாது, யாருடைய கருத்தை அவர் எதிர்க்கிறார், இறுதியில் உறுதியாக நிற்கிறாரா ஐயத்தோடு விடுகிறாரா. ஆங்கிலத்திலேயே சுருக்கம் எழுதினால் புரியாத சொற்களைக் கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்து வைத்துவிட்டுப் புரிந்ததுபோல் நகர்ந்துவிட முடியும். தமிழில் எழுதும்போது அந்த வசதி கிடையாது. புரியாத இடத்தில் பேனா நின்றுவிடும். ஆங்கிலத்தில் சிந்திக்கப் பழகினால்தான் ஆங்கிலம் வரும் என்று பயிற்சி நிலையங்களில் சொல்லப்படுவதற்கு இது எதிரானது என்பது தெரிந்தே இங்கு எழுதப்படுகிறது. பேச்சுக்கு அவர்கள் சொல்வது பொருந்தலாம்; இங்கே சோதிக்கப்படுவது பேச்சு அன்று.

மயிலாடிக்கு அருகிலுள்ள தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, எட்வின் ஆர்னால்டு ஆங்கிலத்தில் புத்தர் வரலாறு பாடிய நூலைத் தழுவி ஆசிய ஜோதியையும், ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கில வடிவத்தைக் கொண்டு உமர்கய்யாம் பாடல்களையும் தமிழுக்குத் தந்தவர். அவை மொழிபெயர்ப்பு என்று சொல்லப்படாவிட்டால் படிப்பவருக்குத் தெரியாது. ஆங்கில வாக்கியத்தைப் பொருளளவில் முழுதும் கரைத்துக்கொண்டவருக்குத்தான் அது தமிழில் தானாக நடக்கும். மருமகளின் நான்கு வாக்கியங்களுக்குக் கவிதையின் அழகு வேண்டியதில்லை; ஆனால் அளவுகோல் அதுவே. எழுதிய சுருக்கம் ஆங்கில வாடை அடித்தால் பொருள் இன்னும் கரையவில்லை என்று அறிந்து மீண்டும் கட்டுரைக்குத் திரும்பட்டும்.

எதைப் படிப்பது என்ற கேள்விக்கு, பழக்கமில்லாத பொருள் என்பதே விடை. தேர்வில் வரும் பத்திகள் தத்துவம், மானிடவியல், கடல் உயிரியல், கலை வரலாறு, பொருளாதாரம் என்று எங்கிருந்தும் எடுக்கப்படுகின்றன. ஏயான் போன்ற இணைய இதழ்களின் கட்டுரைகளை ஒத்தவை அவை. இந்து நாளிதழின் தலையங்கம் நல்லதுதான். ஆனால் அரசியல் செய்தி முன்பே தெரிந்திருப்பதால் பாதியை ஊகித்தே படித்துவிட முடிகிறது. அந்த ஊகம் தேர்வில் துணை வராது. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் தலையங்கமும், மற்ற நாட்களில் முன்பின் அறியாத துறையின் கட்டுரையும் என்று வைத்துக்கொள்ளலாம். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தின் ஆங்கில அடுக்குகளுக்கு மாதம் ஒருமுறை போய்வருவதும் நல்லது. திரையில் படிப்பதும் தாளில் படிப்பதும் வேறு என்றாலும், தேர்வு திரையில்தான் நடப்பதால், இறுதி மூன்று மாதங்களில் திரைக்கே கண்ணைப் பழக்க வேண்டும். கல்லூரிக்குப் பேருந்தில் போய்வரும் நேரம் சுருக்கம் எழுத உதவாது. காலையில் படித்த கட்டுரையை மனத்துக்குள் மறுபடி சொல்லிப் பார்க்க அது மிகப் பொருத்தமான நேரம்.

சொல்வளத்தைப் பற்றி நீளப் பேசத் தேவையில்லை. ஜி.ஆர்.ஈ. எழுதுபவர் சொற்பட்டியல் படித்தே ஆகவேண்டும். கேட் எழுதுபவர் அதில் காலத்தைச் செலவிடுவது தவறு. படிக்கும் கட்டுரையில் வழி மறித்த சொற்களை மட்டும், அவை வந்த வாக்கியத்தோடு சேர்த்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி, மறுநாளும் மூன்றாம் நாளும் வாரம் கழித்தும் மாதம் கழித்தும் பார்த்தால் போதும். படித்தது முதல் சில மணி நேரத்திலேயே மிக விரைவாக மறந்து, பின்னர் மறதியின் வேகம் தணிகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்காஸ் 1885இல் தம்மையே சோதித்து வெளியிட்டார். இடைவெளி விட்டு மீண்டும் பார்க்கும் முறைக்கு அடிப்படை அதுவே. சொல்லின் வேரை அறிவதும் உதவும்: இலத்தீனில் "மல்" தீமையையும் "பெனி" நன்மையையும் "வொல்" விரும்புதலையும் குறிப்பன என்றறிந்தால் "மலெவொலன்ட்", "பெனிவொலன்ட்" என்ற இரண்டும் தாமே விளங்கும்; கெட்ட காற்று என்ற பொருளில் இத்தாலிய மொழியில் பிறந்த "மலேரியா" என்ற சொல்லிலும் அதே வேர் இருக்கிறது. மணக்குடிக் கடற்கரையின் கட்டுமரம் "காட்டமரான்" என்றும், இந்தக் கரையோரத்துக் கொப்பரையும் கயிறும் "கோப்ரா", "காயர்" என்றும் ஆங்கில அகராதியில் ஏறிவிட்டன என்பது தேர்வுக்கு உதவாத செய்திதான். எனினும் அந்த அகராதியைத் திறக்கும்போது அயலார் வீட்டுக்குள் நுழையும் கூச்சம் சற்றுக் குறையலாம்.

பத்தியைச் சரியாகப் புரிந்துகொண்ட பிறகும் விடையில் தவறுவது மிகுதி; அதற்குக் காரணம் விடைகள் அமைக்கப்படும் முறை. மேலே கண்ட ரிங்கல்தௌபே பத்தியிலிருந்து எதனை உய்த்துணரலாம் என்று ஒரு வினா வருவதாகக் கொள்ளலாம். உய்த்துணர்தல் என்பது பத்தியில் வெளிப்படையாக எழுதப்படாததை, எழுதப்பட்டதைக் கொண்டே கட்டாயமாகப் பெறுவதாகும். ரிங்கல்தௌபே சிறந்த ஆங்கில ஆசிரியராக விளங்கினார் என்பது முதல் விடை. மயிலாடிப் பள்ளி இல்லாவிட்டால் நாகர்கோவிலில் கல்லூரியே தோன்றியிராது என்பது இரண்டாவது. ஒரு மொழியைக் கற்பிக்க அது தாய்மொழியாக இருத்தல் இன்றியமையாதது என்பது மூன்றாவது. பள்ளி தொடங்கப்படுமுன்பே அவருக்குத் தமிழ்ப் பயிற்சி இருந்தது என்பது நான்காவது. முதலாவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பத்தி அதைச் சொல்லவில்லை. இரண்டாவது, பத்தியின் செய்தியை எல்லை மீறி இழுக்கிறது. மூன்றாவது, பத்தியின் சொற்களையே எடுத்துக்கொண்டு அதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. நான்காவது சாதாரணமாகவும் சுவையற்றதாகவும் தோன்றும்; ஆண்டுகளை ஒப்பிட்டால் அதை மறுக்கவே முடியாது. சரியான விடை பெரும்பாலும் இப்படி அடக்கமாகவே இருக்கும். "ஒன்லி", "ஆல்வேஸ்", "நெவர்" போன்ற முற்றும் வலியுறுத்தும் சொற்கள் உள்ள விடைகளைக் கண்டதும் ஐயப்பட வேண்டும். "மே", "சம்", "டெண்ட் டு" என்று தயங்கும் விடைகள் பல நேரம் மெய்யாக இருக்கும். சரியானதைத் தேடுவதைவிட ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று ஒரு சொல்லில் காரணம் கூறி விலக்குவது பாதுகாப்பான வழி.

விலக்குவதன் பயன் கணக்கிலும் தெரியும். நான்கு விடைகளில் கண்ணை மூடி ஒன்றைத் தொட்டால், நான்கு முறையில் ஒருமுறை மூன்று மதிப்பெண் வர, மூன்று முறை ஒவ்வொன்று போய்விடும். சராசரி வருவாய் சுழியம். ஒன்றை உறுதியாக விலக்கிவிட்டால் வருவாய் மூன்றில் ஒரு மதிப்பெண்ணாகிறது. இரண்டை விலக்கினால் ஒரு முழு மதிப்பெண். ஆகவே ஒன்றுமே புரியாத வினாவைத் தொடாமல் விடுவதும், இரண்டுக்குள் சுருக்கிய வினாவை அஞ்சாமல் குறிப்பதும் அறிவுடைமை. தட்டச்சு செய்யும் வினாக்களில் குறைப்பு இல்லாததால் எதையும் வெறுமையாக விடக்கூடாது. டான்செட் தாளில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் குறைவதால் அங்கும் இதே கணக்கு பெரிதும் பொருந்தும்.

நேரத்தைப் பொறுத்தவரை, நான்கு பத்திகளுக்கு ஏழேழு நிமிடமாக இருபத்தெட்டும், எட்டு தனி வினாக்களுக்கு ஒன்றரை நிமிடமாகப் பன்னிரண்டும் சேர்ந்து நாற்பது ஆகிறது. ஏறத்தாழ ஐந்நூறு சொற்கள் கொண்ட பத்தியை மூன்று நிமிடத்துக்குள் படிக்க முடிந்தால் வினாக்களுக்கு நான்கு நிமிடம் மிஞ்சும். இந்த வேகம் விரைவு வாசிப்பு வகுப்புகளால் வருவதன்று. ஒரு வாக்கியத்தை மீண்டும் மீண்டும் பார்க்கும் தேவை குறையும்போது தானாக வருவது. தொடக்க மாதங்களில் கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். நான்காம் மாதத்துக்குப் பின் வாரம் ஒரு மாதிரித் தேர்வு எழுதட்டும். ஆனால் எழுதுவதற்கு நாற்பது நிமிடம் என்றால் அதனை ஆராய்வதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் பத்தியே புரியவில்லையா, வினாவைத் தவறாகப் படித்ததா, இரண்டு விடைகளுக்கிடையே சறுக்கியதா, நேரமின்மையால் அவசரப்பட்டதா என்று காரணத்தைக் குறித்துவந்தால், பத்துத் தேர்வுகளுக்குள் ஒருவரின் பலவீனம் இன்னதென்று எழுத்தில் தெரிந்துவிடும். எழுபது மாதிரித் தேர்வுகள் எழுதி, ஒன்றையும் ஆராயாமல், மதிப்பெண் ஏறவில்லையே என்று கலங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த நிலை மருமகளுக்கு வரக்கூடாது.

பயிற்சி நிலையத்தில் சேருவதா என்று வீட்டில் பேச்சு நடப்பதாகக் கேள்வி. கணக்குக்கும் தரவு விளக்கத்துக்கும் அது பயன்படலாம்; உடன் படிப்பவர்கள் கிடைப்பதும் ஒரு துணையே. ஆனால் வாசிப்பை எந்த நிலையமும் பிறருக்காகச் செய்து தர இயலாது. அதற்காகக் கடன் வாங்கவோ, அம்மாவின் நகை அடகுக்குப் போகவோ ஒருபோதும் வேண்டாம்; இது தாய்மாமனின் வேண்டுகோள் மட்டுமன்று, உறுதியான முடிவும்கூட. நாளுக்கு ஒன்றரை மணி நேரமாக எட்டு மாதம் என்பதே இதற்கு உண்மையான விலை. ஆங்கில வழிப் பள்ளியில் படித்த தோழிகள் சரளமாகப் பேசுவதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. தெளிவாகப் பேசுபவர் ஆழமாகப் படிப்பவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எந்த மொழியிலும் இல்லை.

எழுதிய சுருக்கம் சரியா என்று யாரிடம் கேட்பது என்ற ஐயம் எழலாம். அதற்கு ஆங்கிலம் அறிந்தவர் தேவையில்லை. இரவு வேலையெல்லாம் முடிந்தபின் அந்த நான்கு வாக்கியங்களை மருமகள் தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டட்டும். அம்மா "அது எதனால்" என்றோ "அப்படியானால் அவர் முன்பு சொன்னது என்னாயிற்று" என்றோ கேட்கும் கேள்விக்கு உடனே விடை சொல்ல முடிந்தால் கட்டுரை புரிந்துவிட்டது. முடியாவிட்டால், அம்மா கேட்டதையே தேர்விலும் கேட்பார்கள் என்று கொண்டு அந்தப் பத்திக்கு மறுபடி போகவேண்டும். முதல் வாரத்தின் ஏழு தாள்களும், ஒவ்வொன்றின் அடியிலும் அம்மா கேட்ட கேள்வி எழுதப்பட்டு, அடுத்த திங்களன்று அஞ்சலில் சேர்க்கப்படட்டும்; இங்கே அவை வரி விடாமல் படிக்கப்படும்.